உபதேசியாரும் ஒரு வெள்ளை விரிப்பும்

எனக்கு ஓய்வு கொடுத்தபோது விடுதியில் ஒரு கம்பளியைப் போர்த்தி, இரண்டு பேர் இலவசமாகக் காடு சுற்றிப் பார்க்கலாம் என்று ஒரு மாலைச் சவாரியும் தந்தார்கள். கம்பளியை அன்றைக்கே நாய்க்குப் போட்டுவிட்டேன். சவாரியை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டேன். ஃபானியைப் பழிவாங்க அதைவிட நல்ல ஆயுதம் கிடைக்காது.

காடு என்றதும் நீங்கள் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். முகூசே ஊருக்கு வெளியே வேலி போட்ட தனியார் காடு. ஒரு முனையில் தும்மினால் மறு முனையில் இருக்கிற மான் 'நூறு வயசு' என்று வாழ்த்தும். சிங்கம் கிடையாது. பக்கத்துக் காட்டுச் சிங்கம் கர்ஜித்தால் எங்கள் வழிகாட்டிகள் வண்டியை நிறுத்தி, விரலை உதட்டில் வைத்து, அது என்னவோ தாங்கள் வளர்த்த சிங்கம் மாதிரி பெருமைப்பட்டுக்கொள்வார்கள். ஒட்டகச்சிவிங்கி இரண்டே இரண்டு. ஃபானி அவற்றைக் கிழக்கே போய் ஒரு தடவை காட்டுவான், மேற்கே போய் ஒரு தடவை காட்டுவான், திரும்பும்போது பின்பக்கத்தை மட்டும் காட்டுவான். வெளிநாட்டுக்காரர்கள் ஒரு மந்தையைப் பார்த்த திருப்தியோடு ஊருக்குப் போவார்கள்.

அந்த விடுதியின் சலவைக்கூடம் என் ராஜ்யமாக இருந்தது. நான் துவைத்த விரிப்புகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டால் முகூசேயிலிருந்து கடல் வரைக்கும் போகும். மிச்சத்தில் கடலுக்கே ஒரு திரை தைக்கலாம். என் பெயர் பஜபுலிலே. ஆனால் எங்களில் கல்யாணமான பெண்ணை அவள் அப்பன் குலத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அதனால் ஊருக்கெல்லாம் நான் மாசிபியா.

ஃபானி எங்கள் தலைமை வழிகாட்டி. அந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரப் பையன்; இப்போது பையன் இல்லை, தொப்பை வைத்த ஆள். எங்கள் ஜூலு மொழியை எங்களைவிட நன்றாகப் பேசுவான், அதிலும் கெட்ட வார்த்தைகளை. அவன் எனக்குச் செய்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வசந்தம் தொடங்கிய சமயம். சலவைக்கூடத்துக்குப் பின்னால் கொடியில் போடுவதற்காக இரட்டைக் கட்டில் விரிப்பு ஒன்றை உதறிக்கொண்டிருந்தேன். எவனோ வேலிக் கதவைத் திறந்து போட்டிருந்தான். திரும்பிப் பார்த்தால் உபதேசியார் வந்துகொண்டிருக்கிறார்.

உபதேசியார் என்பது எங்கள் காட்டு ஆண் நெருப்புக்கோழி. கறுப்புக் கோட்டு, இறக்கை நுனியில் வெள்ளைக் கைப்பட்டை, நீண்ட கழுத்து, யாரைப் பார்த்தாலும் பாவிகளே என்கிற பார்வை. அதனால் அந்தப் பெயர். இணை தேடும் காலத்தில் அதன் முழங்கால் சிவந்துவிடும். அப்போது அது உதைத்தால் ஒரு லாரி கவிழும். கவிழ்ந்ததை நான் பார்த்ததில்லை, ஆனால் கவிழும்.

பக்கத்தில் ஒரு காட்டு இலந்தை மரம். என் உடம்போடு, என் வயதில், நான் அதில் ஏறிய வேகத்தைக் குரங்குகள் பார்த்திருந்தால் வெட்கப்பட்டுத் தரையில் நடக்கத் தொடங்கியிருக்கும். முள் குத்தாத இடம் என் உடம்பில் நாக்கு மட்டும்தான். அதை வைத்துக் கத்தினேன்.

ஃபானி வந்தான். ஜீப் நிறைய விருந்தாளிகளோடு வந்தான். பறவையை விரட்டுவான் என்று பார்த்தால், வண்டியை நிறுத்தி, கிசுகிசு குரலில் விளக்க ஆரம்பித்தான்.

"அசையாதீங்க. பெரிய அதிர்ஷ்டம் உங்களுக்கு. இது இந்தக் காட்டுல மட்டும் இருக்குற சலவைப் பறவை. ரொம்பக் கொழுத்தது, பறக்காது. வெள்ளைத் துணியில கூடு கட்டும். இதோட கூவல் எப்படித் தெரியுமா? 'ஐயோ அம்மா, யாராவது வாங்களேன்!'"

அந்த நேரம் பார்த்து நானும் அதையேதான் கத்தினேன். கேமராக்கள் படபடவென்று அடித்தன. அதோடு விட்டானா? வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய், மேட்டில் நின்று குடித்து, சூரியன் இறங்கியதைப் பார்த்துக் கைதட்டிவிட்டு, பிறகுதான் என்னை இறக்க வந்தான். மறுநாள் அந்த இலந்தையில் 'சலவைப் பறவை மரம்' என்று எழுதி ஒரு பலகை தொங்கியது. அன்றிலிருந்து ஒவ்வொரு சவாரியிலும் அந்த மரத்தடியில் ஒரு நிறுத்தம். என் கூவலைக் கூவிக் காட்டல். ஒட்டகச்சிவிங்கியைவிட எனக்குத்தான் மவுசு.

ஆனால் மரத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு வேறு வேலை இல்லை. கீழே நடந்ததைக் கவனித்தேன். உபதேசியார் என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. உள்ளபடி சொன்னால் அதில் எனக்குக் கொஞ்சம் மனவருத்தம்கூட. அது என் விரிப்போடுதான் சண்டை போட்டது. அதன் முன் மண்டிபோட்டது, இறக்கையை இடமும் வலமும் வீசியது, எழுந்து நெஞ்சில் உதைத்தது. துணிக்கு நெஞ்சு ஏது? வெள்ளையாக எதுவோ படபடவென்று அடித்ததைப் பார்த்து, வேறொரு ஆண் பறவை தன் எல்லைக்குள் வந்து இறக்கையை விரிக்கிறது என்று நினைத்துவிட்டது.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வாரமே காட்டுக்குள் போகிற மேசைத்துணிகளையெல்லாம் காப்பிக்கொட்டை நிறத்துக்கு மாற்றினேன். ஏன் என்று கேட்ட முதலாளியம்மாவிடம், "கறை தெரியாதும்மா" என்றேன். ரகசியம் என்பது ஊறுகாய் மாதிரி. ஊறட்டும் என்று விட்டுவிட்டேன்.

இவ்வளவும் சிரித்துவிட்டுப் போகிற விஷயம்தானே என்பீர்கள். போயிருக்கும், என் மகள் லோண்டேகாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகாமல் இருந்திருந்தால்.

எங்கள் பெண்கள் ஒவ்வொருத்திக்கும் ஆட்டவரி உண்டு. கல்யாணத்தில் நீ நடுவில் இறங்கிக் குதித்து ஆடும்போது சுற்றி நிற்கிற பெண்கள் உன் வரிகளைக் கத்துவார்கள். நீ செய்த வீரம், நீ பட்ட அவமானம், நீ எவள் வீட்டுச் சட்டியை உடைத்தாய், எல்லாம் அதில் வரும். உன் வரியை நீயே கட்டிக்கொள்ள முடியாது. உன் சொந்தக்காரியும் கட்டக் கூடாது. வேறொருத்தி கட்ட வேண்டும்; அவமானத்துக்குக் காதால் கேட்டது போதும், வீரத்துக்குக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். ஒரு தடவை ஒட்டிய வரி சாகிறவரைக்கும் போகாது. அதன்மேல் இன்னொன்றை ஏற்றலாம், அவ்வளவுதான்.

விடுதியில் வேலை பார்க்கிற பெண்கள் வாய் மூடுமா? என் கதை தேவாலயச் சபைப் பெண்களுக்குப் போய், அங்கிருந்து மாப்பிள்ளையின் அத்தை மாந்துலியின் காதுக்குப் போய்விட்டது. மாந்துலிதான் அந்தப் பக்கத்துப் பெண்களுக்கெல்லாம் முன்நின்று வரி கத்துகிறவள். அவள் தொண்டையைத் திறந்தால் பக்கத்து நாட்டுச் சுவாசிலாந்தில் மாடுகள் கயிறறுக்கும். பரிசத்தன்றே அவள் எனக்கு ஒரு வரி கட்டிப் பாடிப் பார்த்துவிட்டாள்.

"சலவைக்காரி கூடு கட்டினா! முட்டை எங்கே? முட்டை எங்கே?"

லோண்டேகா அன்று இரவு அடுப்பு மூலையில் வந்து நின்றாள். "அம்மா, கல்யாணத்துல நீ ஆடாம இருந்துடேன்."

"பொண்ணோட அம்மா ஆடலைன்னா என்னடி அர்த்தம்? மனசில விஷம் வெச்சிருக்கான்னு அர்த்தம்."

"ஆடினா அவங்க கத்துவாங்க. நீ வீட்டுக்கு வந்துடுவ. நான்தான் அங்கேயே இருக்கணும். தண்ணி எடுக்கப் போனாலும் முட்டைக்காரி மக, முட்டைக்காரி மகன்னு..." அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

மகளை அழவைத்ததை நான் மன்னிக்கவில்லை. ஃபானியை மரத்தில் ஏற்றுவேன், அதை மாந்துலி கண்ணால் பார்ப்பாள் என்று அடுப்புமேல் ஆணையிட்டேன். அடுப்பு அணைந்துதான் இருந்தது, இருந்தாலும் ஆணை ஆணைதான்.

கல்யாணத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை என் இலவசச் சவாரிக்கு மாந்துலியைக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி, சபைக்குப் போகிற காலணி, கையில் ஒரு பொட்டலத்தோடு விடுதி வாசலில் வந்து இறங்கினாள்.

"என்ன சம்பந்தி அது?"

"அவிச்ச முட்டை. கூட்டுல வெக்கலாமேன்னு கொண்டாந்தேன்."

"வைங்க, வைங்க. எந்த முட்டைக்கு எந்தக் கோழி வருமோ, யாரு கண்டா."

அவள் முன்புறம் போய்க் கழிப்பறையைத் தேடிக்கொண்டிருந்தபோது நான் சலவைக்கூடத்துக்குள் நுழைந்தேன். இப்போது அங்கே எல்லாம் நான் பழக்கிய பெண்கள். கட்டிப்பிடித்தார்கள், நான் இல்லாமல் இயந்திரம்கூட அழுகிறது என்றார்கள். சவாரிக் கூடை மேசைமேல் தயாராக இருந்தது. அதிலிருந்த காப்பி நிறத் துணியை எடுத்து என் பாவாடைக்குள் சொருகிக்கொண்டேன். அலமாரியின் மேல்தட்டிலிருந்து தேன்நிலவு அறைக்கான விரிப்பை, கஞ்சி போட்டு மொடமொடவென்று பாய்மரம் மாதிரி நின்றதை, மடித்துக் கூடையில் வைத்து மேலே உப்புக்கண்டப் பொட்டலத்தை வைத்தேன். மனசுக்கு இனித்தது.

ஜீப்பில் எங்களோடு ஒரு டச்சுத் தம்பதி. கணவன் நெட்டை, பீரங்கி மாதிரி ஒரு கேமரா. மனைவி குட்டை, எதைப் பார்த்தாலும் "ஓ!" என்பாள். ஃபானி என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றித் தரைவரைக்கும் குனிந்தான்.

"அடடா! மாசிபியாம்மா! பறவையே வண்டியில ஏறி வந்திருக்கே. இன்னிக்கு நான் எதைக் காட்டுறது?"

"நீ எதைக் காட்டினாலும் பார்த்துட்டுப் போறேன் தம்பி. வயசான கண்ணு."

நுயாலா மான் பார்த்தோம். காட்டுப்பன்றிக் குடும்பம் வாலைக் கொடிமரம் மாதிரி தூக்கிக்கொண்டு ஓடியதைப் பார்த்தோம். ஒட்டகச்சிவிங்கிகளைக் கிழக்கிலிருந்து பார்த்தோம். "இன்னும் நாலஞ்சு இருக்கு, போற வழியில வரும்" என்றான் ஃபானி. நான் தலையாட்டிவைத்தேன்.

பிறகு என் இலந்தை மரம். பலகைக்குக் கீழே வண்டியை நிறுத்தி, என்னை வைத்துக்கொண்டே முழுக் கதையையும் சொன்னான். நான் ஏறிய விதம், என் பாவாடை சிக்கிய கிளை, எல்லாம் கைகால் ஆட்டி நடித்தான். இல்லாததையும் சேர்த்தான், மிகைப்படுத்துகிறவர்களை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. கடைசியில் கழுத்தை நீட்டிக் கூவினான்.

"ஐயோ அம்மா, யாராவது வாங்களேன்!"

டச்சுக்காரி "ஓ!" என்றாள். மாந்துலி சிரித்த சிரிப்பில் தொப்பி கழன்று மடியில் விழுந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சம்பந்தி, இதை நேர்ல கேட்டதும் நல்லதாப் போச்சு. இந்தக் கூவலையும் சனிக்கிழமை சேர்த்துடறேன்" என்றாள்.

"சேருங்க" என்றேன். நான் கடித்த கடியில் என் பல் ஒன்று உடைந்திருக்கும். பொய்ப்பல் என்பதால் தப்பியது.

சூரியன் இறங்கும் நேரத்துக்குக் குளத்து மேட்டுக்கு வந்தோம். குடிப்பதற்கு ஃபானி எப்போதும் அங்கேதான் நிறுத்துவான். வழிகாட்டி முதலில் தனியாக இறங்கி, புதர்களைப் பார்த்து, மேசை விரித்து, எல்லாம் பத்திரம் என்று கூப்பிட்ட பிறகுதான் விருந்தாளி கீழே கால் வைக்கலாம். அது அந்தக் காட்டின் சட்டம். இந்த வசந்தத்தில் உபதேசியார் மண்ணைப் பறித்துக் கூடு போட்டிருந்தது அந்த மேட்டுக்குப் பின்சரிவில் என்பது சலவைக்கூடத்துப் பெண்கள் எனக்குச் சொன்ன சேதி. ஃபானிக்கும் தெரியும். ஆனால் காப்பி நிறத் துணியை அவன் தினமும் அங்கே விரிக்கிறான், ஒரு தொந்தரவும் இல்லை. ஏன் இல்லை என்று அவன் யோசித்ததே கிடையாது.

இறங்கினான். மேசையைப் போட்டான். கூடையைத் திறந்தான். நின்றான்.

"யாரு இதை வெச்சது? கட்டில் விரிப்பு மாதிரி இருக்கு."

"புதுசா வாங்கினதா இருக்கும்" என்றேன், ஒட்டகச்சிவிங்கி எங்கே என்று தேடுகிறவள் மாதிரி தூரத்தைப் பார்த்தபடி.

தோளைக் குலுக்கிவிட்டு விரிப்பை எடுத்து ஓர் உதறு உதறினான். மேடு முழுக்க 'பட்' என்று எதிரொலித்தது. ஒன்றும் வரவில்லை. மேசைமேல் போடக் குனிந்தான். விடுவேனா நான்?

"தம்பி, அப்படியா போடுறது? நடுவுல ஒரு சுருக்கம் தெரியுதே. வெளிநாட்டுக்காரங்க பார்த்துக்கிட்டிருக்காங்க."

"எங்கே சுருக்கம்?"

"நான் துவைச்ச காலத்துல இப்படி இருக்காது. நல்லா உதறு. கை தூக்கி உதறு. உனக்குச் சூரியன்தான் காட்டத் தெரியும், துணியைப் பத்தி என்ன தெரியும்?"

மாந்துலியும் சேர்ந்துகொண்டாள். "ஆம்பிளைங்க துணி உதறினா ஈகூடப் பறக்காது."

ஃபானிக்குக் கோபம் வந்தது. இரண்டு நுனியையும் பிடித்து, கையைத் தலைக்கு மேல் தூக்கி, இடமும் வலமும் வீசி உதறினான். பட்! பட்! பட்! கஞ்சி போட்ட வெள்ளை வானத்தில் அடித்தது. உலகத்திலேயே பெரிய, அழகான, திமிர் பிடித்த ஆண் நெருப்புக்கோழி மாதிரி நின்றான்.

மேட்டுக்குப் பின்னாலிருந்து முதலில் ஒரு தலை வந்தது. பிறகு கழுத்து வந்தது, வந்துகொண்டே இருந்தது. பிறகு கறுப்புக் கோட்டு. முழங்கால் இரண்டும் மிளகாய்ப் பழம்.

"தம்பி, உனக்கு விருந்தாளி" என்றேன்.

ஃபானி திரும்பினான். ஜீப்புக்கும் அவனுக்கும் நடுவில் உபதேசியார் வந்துவிட்டது. அவன் செய்த தவறு, விரிப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஓடியது. அது பின்னால் கொடி மாதிரி பறந்தது. உபதேசியார் இறக்கையை விரித்துக்கொண்டு ஒரு ரயில் மாதிரி துரத்தியது. மேட்டில் இருந்தது ஒரே மரம், விரல் நீள முள்ளுள்ள வேல மரம். என் இலந்தை அதற்குப் பஞ்சுமெத்தை. ஃபானி அதில் ஏறினான். ஏறினான் என்று சொல்வது தப்பு. மேகத்திலிருந்து யாரோ கயிறு கட்டி இழுத்தது மாதிரி போனான். விரிப்பு கீழ்க்கிளையில் சிக்கித் தொங்கியது. உபதேசியார் அதன் முன் மண்டிபோட்டு, இறக்கை வீசி, எழுந்து, உதைத்தது. ஒவ்வோர் உதைக்கும் மரம் ஆடியது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஃபானியின் உடம்பில் புதிதாக ஓர் இடத்தில் முள் ஏறியது.

"மாசிபியாம்மா! வண்டியை எடுத்துட்டு வாங்க! சாவி அதிலேயே இருக்கு!"

நான் எழுந்து நின்றேன், நாலு பேருக்கும் நன்றாகத் தெரிகிற மாதிரி. விரலை உதட்டில் வைத்தேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், கிசுகிசு குரலில், டச்சுக்காரர்களுக்கு விளக்க ஆரம்பித்தேன்.

"அசையாதீங்க. பெரிய அதிர்ஷ்டம் உங்களுக்கு. இது இந்தக் காட்டுல மட்டும் இருக்குற வழிகாட்டிப் பறவை. தொப்பை சிவப்பு, கால் ரோமம். இருக்குறது ரெண்டு ஒட்டகச்சிவிங்கிதான்னாலும் ஆறா எண்ணும். வெள்ளைத் துணியில கூடு கட்டும்."

"ஓ!" என்றாள் டச்சுக்காரி. "ரெண்டுதானா?"

"ரெண்டேதான்."

நெட்டைக் கணவன் பீரங்கியைத் தூக்கிச் சுட ஆரம்பித்தான்.

"ரேடியோவில கூப்பிடுங்க!" ஃபானி அலறினான். "பச்சைப் பொத்தானை அமுக்குங்க!"

"எனக்குத் துவைக்கிற மெஷின் பொத்தான்தான் தெரியும் தம்பி. அமுக்கினா நீ சுத்த ஆரம்பிச்சிடுவே."

"அம்மா, விளையாடாதீங்க! குத்துது!"

"எங்கே குத்துது? விருந்தாளிங்க கேக்குறாங்க."

அவன் சொன்னான். மாந்துலி இருக்கையிலிருந்து வழுக்கி வண்டித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பில் அவளுக்கு மூச்சு வரவில்லை. முட்டைப் பொட்டலம் அவிழ்ந்து கால்களுக்கு நடுவில் உருண்டது.

"இவ்வளவு நேரம் ஆச்சு, இந்தப் பறவை இன்னும் கூவலையே" என்றேன் டச்சுக்காரியிடம். பிறகு மரத்தைப் பார்த்து, "கூவு தம்பி. கூவினா வண்டி வரும்" என்றேன்.

"மாட்டேன்!"

"சரி. சூரியன் எவ்வளவு அழகா இறங்குது பாருங்க. ஜின் யாருக்கு வேணும்?" ஜின்னும் கூடையோடு கீழேயே கிடந்தது, ஆனாலும் கேட்டேன்.

உபதேசியார் இன்னும் ஓர் உதை விட்டது. வேல மரத்திலிருந்து வந்த கூவல் குளத்தைத் தாண்டி, வேலியைத் தாண்டி, பக்கத்துக் காட்டுச் சிங்கத்தை எழுப்பியது. சத்தியமாக அது பதிலுக்கு ஒரு தடவை கர்ஜித்தது.

"ஐயோ அம்மா! யாராவது வாங்களேன்!"

"இன்னொரு தரம். இவரு வீடியோ எடுக்கணுமாம்."

கூவினான். அதன் பிறகும் நான் அவசரப்படவில்லை. சூரியன் முழுக்க இறங்கட்டும் என்று விட்டேன். டச்சுக்காரர்கள் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். பிறகு ஓட்டுநர் இருக்கைக்குப் போய் உட்கார்ந்து, சலவை வண்டி ஓட்டிப் பழகிய கையால் ஜீப்பைக் கிளப்பி மரத்தடியில் நுழைத்தேன். உபதேசியார் விரிப்பைத் தோற்கடித்துக் கிழித்த திருப்தியில் வெள்ளைக் கந்தலை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கிப் போனது. ஃபானி பின் இருக்கையில் விழுந்தான். உட்கார முடியாமல் குப்புறப் படுத்துக்கொண்டு வந்தான்.

"சலவைக்கூடத்துல எவளோ அறிவு கெட்டவ மாத்தி வெச்சிருக்கா. நாளைக்கு வெச்சிக்கிறேன்" என்று வழியெல்லாம் முனகினான்.

என் இலந்தைக்குக் கீழே வண்டியை நிறுத்தினேன். "அந்தப் பலகையைக் கழட்டு."

"இப்பவா?"

"டச்சுக்காரர் வீடியோவை முதலாளியம்மாவுக்கு அனுப்பணும்னு சொல்லிக்கிட்டிருக்காரு. நான் வேணாம்னு தடுக்கணுமா, வேண்டாமா?"

கழற்றினான். கொண்டு போய் அடுப்பு எரித்தேன். சோளக் களி அன்றைக்கு வெந்த மாதிரி என்றைக்கும் வெந்ததில்லை.

ஆனால் வேலை முடியவில்லை. அன்று திரும்புகிற வழியில் மாந்துலியை அவள் வீட்டு வாசலில் விட்டபோது, "பார்த்தீங்கல்ல சம்பந்தி? கட்டுங்க ஒரு வரி" என்றேன்.

அவள் தொப்பியை நேராக்கினாள். கண் இன்னும் சிவந்திருந்தது, ஆனால் குரல் மாறிவிட்டது. வரி விஷயத்தில் அவள் நீதிபதி.

"பார்த்தேன். ஆனா மரத்துல ஏறினது அவன். துரத்தினது பறவை. நீங்க என்ன செஞ்சீங்க? வண்டியில உட்கார்ந்து வாய் பேசினீங்க. வாய்க்கு வரி கிடையாது சம்பந்தி. செஞ்ச கைக்குத்தான்."

அவள் சொன்னது நியாயம். இதுவரைக்கும் அது ஒரு விபத்து. விபத்தாகவே விட்டால் ஃபானி யாரால் என்று தெரியாமலே பட்டதாகிவிடும். எனக்கு ஆபத்தில்லை, பெருமையும் இல்லை. நான்தான் செய்தேன் என்று சொன்னால் இவள் நேராக முதலாளியம்மாவிடம் போகலாம். என்னை இனி வாசலில்கூட விடமாட்டார்கள். லோண்டேகாவின் முகம் கண்முன் வந்தது. அதைவிட அதிகமாக, உள்ளதைச் சொல்கிறேன், ஃபானியின் முகம் வந்தது. யார் குத்தினார்கள் என்று தெரியாமல் குத்துப்படுவது என்ன தண்டனை?

பாவாடைக்குள் கைவிட்டு, காப்பி நிறத் துணியை உருவி அவள் கையில் வைத்தேன்.

மாந்துலி அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வெள்ளை விரிப்பு, இலந்தை மரம், உதறு உதறு என்று நான் சொன்னது, எல்லாம் ஒவ்வொன்றாக அவள் முகத்தில் போய்ச் சேர்ந்தன. சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. துணியை மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்த வாரம் முழுக்க நான் தூங்கியிருந்தால் கேளுங்கள்.

சனிக்கிழமை. மாப்பிள்ளை வீட்டு முற்றத்தில் மாடு வெட்டி, ஊரே திரண்டிருந்தது. எங்கள் வழக்கப்படி விடுதிக்காரர்கள் எல்லாரையும் அழைத்திருந்தோம். ஃபானியைத் தேடிப்போய் நானே அழைத்தேன். வந்திருந்தான், கையில் தட்டு நிறைய இறைச்சியோடு, நின்றுகொண்டே சாப்பிட்டான். ஏன் உட்காரவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஏதோ ஒரு மடச்சி துணியை மாற்றி வைத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

முரசு மாறியது. என் முறை. லோண்டேகா மணிகள் தொங்கும் முகத்திரைக்குப் பின்னால் தலை குனிந்தாள். நான் பாவாடையை இடுப்பில் சொருகிக்கொண்டு நடுவில் இறங்கினேன். எதிரே மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வரிசை, நடுவில் மாந்துலி. வாயைத் திறந்தாள்.

"சலவைக்காரி கூடு கட்டினா!"

"முட்டை எங்கே? முட்டை எங்கே?" என்றது வரிசை. முற்றம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. எல்லாருக்கும் மேலே ஃபானியின் சிரிப்பு கேட்டது. கூவியும் காட்டினான். நான் ஆட்டத்தை நிறுத்தவில்லை. மண்ணை உதைத்தேன். முகம் எரிந்தது. துரோகி, துரோகி என்று ஒவ்வோர் அடிக்கும் மாந்துலியைத் திட்டினேன்.

அவள் கையைத் தூக்கினாள். வரிசை அடங்கியது. கைப்பையைத் திறந்து காப்பி நிறத் துணியை எடுத்து, தலைக்கு மேல் ஓர் உதறு உதறினாள்.

"இவ துணியை மாத்தினா, காட்டுக்காரன் உதறினான்! இவ உதறச் சொன்னா, அவன் கிளை ஏறினான்! என் கண்ணு பார்த்தது! என் கண்ணு பார்த்தது!"

 பிறகு வரிசை அதைப் பிடித்துக்கொண்டது. "உதறச் சொன்னா, கிளை ஏறினான்!" எங்கள் பக்கத்துப் பெண்களும் பிடித்துக்கொண்டார்கள். சலவைக்கூடத்துப் பெண்கள் குலவையிட்டார்கள். முதலாளியம்மா முதலில் புரியாமல் பக்கத்தில் இருந்தவளைக் கேட்டார், பிறகு வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டார். முகத்திரை மணிகளுக்கு நடுவில் லோண்டேகா நிமிர்ந்து பார்த்தாள், பல் தெரிந்தது.

நான் பார்க்க விரும்பியது ஒரே முகத்தை. ஃபானியின் வாய் நின்றுவிட்டது, இறைச்சி பாதி உள்ளே, பாதி வெளியே. முற்றத்தில் இருந்த எல்லாத் தலையும் அவன் பக்கம் திரும்பியது. அவன் முதலில் அந்தத் துணியைப் பார்த்தான். பிறகு மெதுவாக என்னைப் பார்த்தான்.

ஆடிக்கொண்டே அவனிடம் போனேன். முரசு என்னோடு வந்தது, வரிசை என்னோடு கத்திக்கொண்டு வந்தது. அவன் பின்னால் நகர்ந்தான், பின்னால் சுவர். அவன் முன்னால் நின்று முழங்கால் நெஞ்சைத் தொடும் வரை காலைத் தூக்கி மண்ணில் இறக்கினேன். புழுதி எழுந்து அவன் தட்டின்மேல் விழுந்தது. கொழுத்த துண்டில் படியவில்லை என்று மறு காலையும் தூக்கினேன்.